மஞ்சள் வெளிச்சத்தில் மரியன் ஆண்டர்சன்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கலை இலக்கியப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தச் சுவரில் ஒரு ஓவியத்தின் அச்சுப் பிரதியை ஒட்டி வைத்திருக்கிறேன். காலையிலிருந்து வருகிறவர்களும் போகிறவர்களும் பார்த்துவிட்டுத்தான் போகிறீர்கள். 'யாருங்க இந்தம்மா?' என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு தம்பி கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: 'கொடி இல்ல, சங்கிலி இல்ல, ஓங்கின கை இல்ல. இதப் போயி எதுக்கு தோழர் நம்ம கூட்டத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க?' நியாயமான கேள்வி. இன்றைக்கு நான் பேசப்போவது அந்தத் தம்பிக்கான பதில்தான்.

படத்தில் இருப்பவர் மரியன் ஆண்டர்சன். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. வரைந்தவர் பியூஃபோர்ட் டெலானி. அவரும் கறுப்பர். வரைந்த ஆண்டு 1965. தைலவண்ண ஓவியம், ஐந்தடிக்கு மேல் உயரம். மூலப்படம் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில், வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது மஞ்சள். சுவர், தரை, திரைச்சீலை என்று பிரித்துச் சொல்ல முடியாத மஞ்சள். அதற்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பெண் நேராக நம்மைப் பார்க்கிறார். பாடுகிற மாதிரி வரையவில்லை. மேடையும் இல்லை, கைதட்டுகிற கூட்டமும் இல்லை. பாடகியை வரைந்தவர் பாட்டை ஏன் விட்டுவிட்டார்? இதைப் புரிந்துகொள்ள அந்தக் குரலுக்கு அமெரிக்காவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

மரியன் 1897இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா செத்துப்போனார். அம்மா துணி வெளுத்தும் தரை துடைத்தும் பிள்ளைகளைக் காப்பாற்றினார். சிறுமியாக இருந்தபோது மரியன் அக்கம்பக்கத்து வீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவிக் காசு சேர்த்து, அடகுக்கடையில் ஒரு வயலின் வாங்கியிருக்கிறார். பாட்டுப் படிக்கலாம் என்று ஊரிலிருந்த ஒரு இசைப்பள்ளிக்குப் போனபோது, கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவரைப் படிக்க வைத்தது யார்? அவருடைய தேவாலயத்து ஏழைச் சனங்கள். ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு போட்டு ஆசிரியரிடம் அனுப்பினார்கள். 'திறமை இருந்தா தானா மேல வந்துடலாம்' என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். திறமைக்குப் பின்னால் ஒரு சேரியே நிற்க வேண்டியிருந்தது.

பிறகு ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே பெரிய பேர் வாங்கினார். பெண்குரல்களில் ஆக அடியில், ஆழத்தில் ஒலிக்கிற குரலை கான்ட்ரால்டோ என்பார்கள். அவருடையது அந்தக் குரல். பாக், ஷூபர்ட் என்று ஐரோப்பியச் செவ்வியல் இசையெல்லாம் பாடுவார். கூடவே அடிமைகளாக இருந்த தன் முன்னோர்களின் ஸ்பிரிச்சுவல் பாடல்களையும் அதே மேடையில், அதே மரியாதையோடு பாடுவார்.

அமெரிக்கா திரும்பினால்? 1937இல் பிரின்ஸ்டன் நகரத்தில் கச்சேரி. கேட்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், கைதட்டினார்கள். ராத்திரி தங்குவதற்கு அந்த ஊர் விடுதியில் அவருக்கு அறை இல்லை. கறுப்பர் என்பதுதான் காரணம். அதே ஊரில் குடியிருந்த விஞ்ஞானி ஐன்ஸ்டீன் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஐன்ஸ்டீன் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1939 எல்லோருக்கும் தெரிய வேண்டிய வருஷம். தலைநகர் வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் என்று ஒரு பெரிய அரங்கம். 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற சங்கத்துக்குச் சொந்தமானது. வெள்ளைக் கலைஞர்கள் மட்டுமே மேடையேறலாம் என்று அங்கே விதி. மரியனுக்கு அரங்கத்தைத் தர மறுத்தார்கள். அரங்கத்தின் பேரோ அரசியல் சட்டம், சங்கத்தின் பேரோ புரட்சி! ஜனாதிபதியின் மனைவி எலீனர் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்தே விலகினார். கறுப்பர் அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, திறந்தவெளியில், சுமார் 75,000 பேர் முன்னால் மரியன் பாடினார். வானொலி வழியாக நாடே கேட்டது.

1955 ஜனவரியில்தான் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் அவரைப் பாடவைத்தார்கள். அங்கே பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அப்போது வயது 57. ஒரு பாடகியின் குரல் உச்சத்தில் இருந்த காலமெல்லாம் போன பிறகு கதவைத் திறந்துவிட்டு, 'பார், திறந்துவிட்டோம்' என்று பெருமை பேசிக்கொண்டார்கள்.

1957இல் அமெரிக்க அரசு அவரைத் தன் கலைத் தூதராக ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் அமெரிக்காவில் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்துக்குள் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் நுழைவதற்குப் பட்டாளம் வரவேண்டியிருந்தது. உள்ளே பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடமாட்டார்கள். வெளியே 'எங்கள் நாட்டில் சமத்துவம்' என்று காட்ட ஒரு கறுப்புக் குரல் வேண்டும். குரலை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தமான உடம்பு உட்கார நாற்காலி கிடையாது, படுக்கக் கட்டில் கிடையாது.

இது நமக்குப் புதுசா? எங்க தாத்தா பறையடிக்கிறவர். எங்க ஊர்ப் பெரிய வீட்டுச் சாவுக்கு அவர் அடிதான் வேணும். 'அவன் அடிச்சா பொணமே எழுந்து ஆடும்'னு அவங்களே சொல்லுவாங்க. அடிச்சு முடிச்சா சோறு மட்டும் கொல்லைப்புறத்துல, தரையில இலை போட்டு. பின்னாளில் ஒரு நாட்காட்டியில் 'நம் மண்ணின் கலைகள்' என்று பறையைப் படமாகப் போட்டிருந்தார்கள். படத்தில் கை இருந்தது, குச்சி இருந்தது, பறை இருந்தது. அடித்தவருக்கு முகமில்லை, பேரில்லை. கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தார்கள். சத்தத்தை ரசிக்கிறவர்களுக்கு ஆள் தேவைப்படவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு சுவரிலிருக்கும் படத்தைத் திரும்பப் பாருங்கள். உலகம் எதை எடுத்துக்கொண்டதோ அந்தக் குரலை டெலானி வரையவில்லை. எதை வேண்டாம் என்றதோ அந்த ஆளை, அந்த உடம்பை, அந்த முகத்தைத்தான் ஐந்தடி உயரத்துக்கு வரைந்திருக்கிறார். கேட்டுவிட்டுப் போக முடியாது. முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும்.

இனி டெலானி. 1901 டிசம்பரில், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அம்மா அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். வெள்ளைக்காரர் வீடுகளுக்குச் சமைத்தும் துவைத்தும் கொடுத்தவர். அப்பா மெதடிஸ்ட் போதகர். பிறந்தது பத்துப் பிள்ளைகள், ஆளாகிப் பிழைத்தது நாலு. செத்தவர்களைக் கொன்றது நோய் மட்டுமல்ல, குடியிருந்த இடமும்தான். இளம் வயதில் விளம்பரப் பலகை எழுதினார். உள்ளூர் வெள்ளை ஓவியர் ஒருவர் கையெழுத்திலிருந்த திறமையைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1923இல் பாஸ்டன் போய்ப் படித்தார். 1929இல் நியூயார்க் வந்தார்.

அங்கே விட்னி ஓவியக்கூடத்தில் 1930இல் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே இடத்தில் வாட்ச்மேனாகவும் தொலைபேசி எடுப்பவராகவும் வேலை பார்த்தார். மேலே சுவரில் இவர் வரைந்த படம். கீழே வாசலில் இவர் காவல்.

தோழர்களே, அவர் ஏழை, கறுப்பர், ஆண்களை நேசித்த ஆண். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே அன்றைய அமெரிக்காவில் வாழ்வது கஷ்டம். மூன்றாவதை அவரால் கறுப்பர்கள் மத்தியிலேயே வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. நம் இயக்கங்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளேயும் வாய்திறக்க முடியாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

ஒருநாள் அவருடைய கதவை ஒரு கறுப்புப் பையன் வந்து தட்டுகிறான். பதினைந்து பதினாறு வயதிருக்கும். ஹார்லெம் போதகர் ஒருவரின் வீட்டில் வளர்ந்தவன். அவன்தான் பின்னால் பெரிய எழுத்தாளரான ஜேம்ஸ் பால்ட்வின். ஜாஸ், புளூஸ் எல்லாம் பாவத்தின் இசை என்று அவன் வீட்டில் கேட்கவிடமாட்டார்கள். டெலானியின் அறையில்தான் அந்த இசைத்தட்டுகளைக் கேட்டான். தன் சனங்களின் பாட்டு அசிங்கமில்லை, கலை என்று அங்கேதான் கற்றுக்கொண்டான். 'இந்த மேளமெல்லாம் நமக்கு வேண்டாம்டா' என்று படித்த நம் பிள்ளைகளிடம் நாமே சொன்ன காலம் இருந்தது. ஆகவே அந்தப் பையனின் நிலைமை நமக்குப் புரியும்.

பால்ட்வின் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். ஒருநாள் இரண்டு பேரும் தெருமுனையில் நிற்கிறார்கள். சாக்கடையோரம் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டி 'பார்' என்கிறார் டெலானி. பால்ட்வின் பார்த்தார், வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. திரும்பப் பார்க்கச் சொன்னார். அப்போது தண்ணீர்மேல் எண்ணெய் மிதப்பது தெரிந்தது. அந்த எண்ணெயில் நகரத்தின் கட்டடங்கள் நெளிவது தெரிந்தது. அதற்கப்புறம் எதையும் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை என்கிறார் பால்ட்வின். ஒரு வாட்ச்மேன் வேலைக்காரர் ஒரு எழுத்தாளனுக்குக் கொடுத்த பாடம் இது: சாக்கடை என்று உனக்குச் சொல்லப்பட்டதை நீயே உன் கண்ணால் இன்னொருமுறை பார். நம்மைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டதையும் சேர்த்துத்தான்.

1953இல் டெலானி பாரீஸ் போனார். பிறகு பக்கத்தில் க்ளமார் என்ற ஊரில் குடியிருந்தார். அங்கேதான் அவருடைய மஞ்சள் பெருகியது. உருவமே இல்லாத அரூப ஓவியங்களை மஞ்சள் மஞ்சளாக வரைந்து தள்ளினார். மரியனின் படத்தில் அந்த மஞ்சளும் உருவமும் ஒன்றுசேர்கின்றன.

இப்படிப்பட்ட படத்தை எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியம் என்கிறார்கள். வெளிப்பாட்டியம் என்று தமிழில் எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தையும் அளவையும் அப்படியே நகல் எடுக்காமல், உள்ளே உணர்ந்ததுக்குத் தக்கபடி நிறத்தையும் கோட்டையும் மாற்றுவது. 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இளைஞர்கள் சிலர் இதை ஓர் இயக்கமாகத் தொடங்கினார்கள். அவர்கள் ஆப்பிரிக்க மரச்சிற்பங்களை அருங்காட்சியகங்களில் பார்த்துப் பார்த்துத்தான் தங்கள் கோடுகளை மாற்றினார்கள். அந்தச் சிற்பங்கள் ஐரோப்பாவுக்கு வந்தது காலனிய ஆட்சியின் வழியாக. செதுக்கியவன் பேர் எங்கும் இல்லை. பார்த்து வரைந்தவன் வரலாற்றில் இருக்கிறான். ஆகவே டெலானி இந்த முறையில் வரைந்தபோது வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கினார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். ஐரோப்பியத் தைலவண்ண ஓவியங்களில் கறுப்பு மனிதர்கள் எங்கே இருப்பார்கள் தெரியுமா? ஓரத்தில். தட்டு ஏந்திக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு. புகழ்பெற்ற ஓவியர் மானே 1863இல் வரைந்த 'ஒலிம்பியா'வைப் பாருங்கள். படுத்திருக்கும் வெள்ளைப் பெண்ணின் மேல் வெளிச்சம் முழுக்க விழுகிறது. பூங்கொத்தோடு நிற்கும் கறுப்புப் பணிப்பெண் பின்னாலிருக்கிற இருட்டோடு கலந்துபோகிறார். வெளிச்சத்துக்கு ஒரு நிறம், இருட்டுக்கு ஒரு நிறம் என்று வர்ணப் பெட்டிக்குள்ளேயே வருணம் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

டெலானி இதைத் தலைகீழாக்கினார். கறுப்புப் பெண்ணை நடுவில் கொண்டுவந்தார். வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து அவர்மேல் போடவில்லை. அவரைச் சுற்றியே வெளிச்சமாக்கினார். கிழக்கத்தியக் கிறித்தவக் கோயில்களில் புனிதர்களைப் பொன்னிறப் பின்புலத்தில் தீட்டுவார்கள். அந்த இடத்தைத் துவைத்துப் பிழைத்த ஒரு தாயின் மகளுக்குக் கொடுத்தார், துவைத்துப் பிழைத்த இன்னொரு தாயின் மகன்.

இங்கே ஒரு மறுப்பு வரும். வர வேண்டும். 'இது மகிமைப்படுத்தல் இல்லையா? வலி எங்கே? அவமானம் எங்கே? 1965 செல்மாவில் கறுப்பர்கள் மேல் தடியடி நடந்த வருஷமாச்சே. அந்த வருஷத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கலாமா?'

நான் சொல்வது இதுதான். காயத்தைக் காட்டும் கலை தேவை. அது இல்லாவிட்டால் நடந்ததையே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் காயத்தை மட்டுமே காட்டினால் என்ன ஆகும்? பார்க்கிற ஆதிக்கச் சாதிக்காரன் இரக்கப்படுவான். இரக்கப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். அவன் மேலே, நாம் கீழே என்ற இடம் அப்படியே இருக்கும். நம் பிள்ளைகளோ படத்தைப் பார்த்துத் தங்களை அடிபட்ட உடம்பாக மட்டுமே அறிந்துகொள்வார்கள். மரியன் படத்தின் முன்னால் இரக்கப்பட முடியாது. நின்று ஏறிட்டுப் பார்க்கலாம். முடியாதவர்கள் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். பார்க்கிறவனைத் தன் மட்டத்துக்கு வரச்சொல்கிற படம் இது. இதுவும் போராட்டம்தான்.

டெலானி அரசியல் தெரியாமல் மஞ்சள் பூசியவரும் அல்ல. பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸையும் 1960களில் வரைந்திருக்கிறார். மரியன் 1963இல் வாஷிங்டன் பேரணியில் பாடினார். 1964 அக்டோபரில் தன் விடைபெறும் பயணத்தைத் தொடங்கியது எந்த அரங்கத்தில் தெரியுமா? 25 வருஷத்துக்கு முன்னால் கதவைச் சாத்திய அதே கான்ஸ்டிடியூஷன் ஹாலில். 1965 ஏப்ரலில், இன்னொரு ஈஸ்டர் நாளில், நியூயார்க் கார்னகி ஹாலில் பயணத்தை முடித்தார். அந்த வருஷத்துப் படம்தான் இது. குரல் ஓய்வெடுக்கப் போகிறது. ஆள் இருக்கிறார் என்று சொல்கிற படம்.

இவ்வளவு வெளிச்சம் வரைந்தவரின் வாழ்க்கை வெளிச்சமாக இல்லை. யாரோ தன்னைத் திட்டுகிற குரல்கள் காதில் கேட்டபடியே இருந்தன. 1961இல் தற்கொலைக்கு முயன்றார். பிழைத்துக்கொண்டார். பால்ட்வின் கடைசிவரை கைவிடவில்லை. 1965இல் வந்த தன் சிறுகதைத் தொகுப்பை இவருக்குத்தான் சமர்ப்பித்தார். மனநோய் முற்றி பாரீஸின் செந்த்-ஆன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1978இல் ஹார்லெமில் இவருடைய ஓவியங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தபோது இவர் மருத்துவமனையில் கிடந்தார். 1979 மார்ச்சில் இறந்தார். பாரீஸுக்கு வெளியே புதைத்தார்கள். கல்லறையில் பேர்கூட இல்லை. 2010இல்தான், அவர்மேல் அன்பு கொண்டவர்கள் காசு சேர்த்து ஒரு கல் நட்டார்கள். 31 வருஷம்! மரியனைப் படிக்க வைத்ததும் சனங்கள் போட்ட காசு. டெலானிக்குக் கல் நட்டதும் சனங்கள் போட்ட காசு. அரசும் சந்தையும் பிறகுதான் வரும்.

ரிச்மண்ட் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காகத் தனிநாடு கேட்டுச் சண்டைபோட்ட தென்மாநிலங்களின் தலைநகரமாக இருந்த ஊர் அது. அந்தப் படைகளில் சண்டையிட்ட முன்னாள் வீரர்களுக்கான இல்லம் இருந்த நிலத்தில்தான் 1936இல் அந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தப் படைகளின் தளபதி லீயின் பிரம்மாண்டமான சிலை அதே நகரத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக நின்றது. கறுப்பர்களின் போராட்டத்துக்குப் பிறகு 2021 செப்டம்பரில்தான் இறக்கினார்கள். தளபதி போய்விட்டார். படிக்கட்டு கழுவிய பெண் அங்கே மஞ்சளுக்குள் இருக்கிறார்.

1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதிய கடிதம். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தங்கள் அமைப்புக்குப் பேர் வைத்தபோது கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து 'தலித் பேந்தர்ஸ்' என்று வைத்தார்கள். மனுவைப் பார்த்தோம், அமைப்பைப் பார்த்தோம். அவர்கள் தங்கள் சனங்களை எப்படி வரைந்தார்கள் என்பதையும் பார்ப்போம் என்றுதான் இந்தப் படத்தை ஒட்டினேன்.

இங்கே ஓவியம் படிக்கிற மாணவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் பறையடிப்பவர், நாதசுரம் ஊதுபவர், ஒப்பாரி பாடும் அக்கா, யாராவது ஒருத்தரிடம் போய் உட்காருங்கள். 'வாசிங்க' என்று கேட்காதீர்கள். சும்மா பேசிக்கொண்டிருங்கள். பிறகு அவரை வரையுங்கள். கருவி இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் சரி. முகம் முழுசாக இருக்கட்டும். என்ன நிறம் வேண்டுமோ அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இருட்டைத்தான் பூச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படத்துக்குக் கீழே அவருடைய பேரை, ஊரை, தேதியை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்தச் சுவரில் இன்னும் இடம் இருக்கிறது.